எக்ஸ்ரே எடுத்த பிறகு மட்டும் அடிக்கும் அலாரம்: சுழலும் வார்மர் ஒன்றின் மின் இணைப்புகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில், குழந்தைக்கு மேலிருந்து சூடு தரும் வார்மர் கருவிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் மட்டும் 'ஹீட்டர் ஃபெயில்' அலாரம் வந்து வந்து போனது. மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் எங்கள் பயோமெடிக்கல் பிரிவுக்குத் தகவல் வரும். போய்ப் பார்த்தால் ஹீட்டர் நன்றாகவே எரியும். ஒப்பந்த நிறுவனத்தின் ஆள் வந்து கன்ட்ரோல் போர்டை மாற்றிவிட்டுப் போனார். அதன் பிறகும் அலாரம் நிற்கவில்லை. மின் கோளாறுகளில் இந்த வகைதான் மிகவும் சிரமம். முழுதாகச் செத்துப்போன கருவியைச் சரிசெய்துவிடலாம். ஆள் வந்து பார்க்கும்போது ஒழுங்காக வேலை செய்யும் கருவியை என்ன செய்வது?

வழியைக் காட்டியவர் இரவுப் பணியில் இருந்த செவிலியர்.

"சார், இது சும்மா நிக்கும்போது ஒண்ணும் பண்ணாது. எக்ஸ்ரே எடுத்துட்டு, ஹீட்டர் தலையத் திரும்ப இந்தப் பக்கம் கொண்டுவந்தாத்தான் கத்த ஆரம்பிக்கும்."

"எந்தப் பக்கமாத் திருப்புவீங்க, சிஸ்டர்?"

"சுவர் ஓரமா வென்டிலேட்டர் நிக்குதில்ல, அதனால முன்பக்கமாத்தான். அப்படியே முழுசாச் சுத்தி வந்துரும் சார்."

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருந்தது. இந்த மாடலின் தலைப்பகுதி முழுச் சுற்று வரக் கூடாது. இடது பக்கம் 90 டிகிரி, வலது பக்கம் 90 டிகிரி, அவ்வளவுதான். அதற்கு மேல் போகாமல் தடுக்க, தூணின் உச்சியில் ஒரு ஸ்டாப் பின் உண்டு. அது இல்லாமல் போனால் தலை சுற்றிக்கொண்டே போகும். உள்ளே இருக்கும் வயரும் அதோடு முறுக்கிக்கொண்டே போகும்.

ரேடியன்ட் வார்மரின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழந்தை படுக்கும் மெத்தைக்கு மேலே ஹீட்டர். அதிலிருந்து அகச்சிவப்புக் கதிராக வெப்பம் இறங்குகிறது. குழந்தையின் வயிற்றில் ஒட்டிய சென்சார் தோலின் வெப்பநிலையைச் சொல்கிறது. அதைப் பார்த்துக் கன்ட்ரோலர் ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கிறது. பச்சிளங்குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். 36.5-க்குக் கீழே போனாலே உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது குளிர்ந்துபோன குழந்தை. 36-க்குக் கீழே மிதமான நிலை, 32-க்குக் கீழே கடுமையான நிலை. எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு மிகக் குறைவு, நடுங்கிச் சூடு உண்டாக்கவும் தெரியாது. மேலே தொங்கும் அந்த ஹீட்டர்தான் அதற்கு எல்லாம்.

இந்தக் கருவியில் இரண்டு இடங்கள் சுழல்கின்றன. எக்ஸ்ரே குழாயை மேலே கொண்டுவர இடம் வேண்டும் என்பதால் ஹீட்டர் தலை தூணில் திரும்புகிறது. மூச்சுக்குழாய் போடும்போதும் தொப்புள் இரத்தநாளத்தில் குழாய் போடும்போதும் மருத்துவருக்கு வசதியாக இருக்க, சில மாடல்களில் படுக்கைத் தட்டும் திரும்புகிறது. படுக்கைக்கு அடியில் எடை பார்க்கும் லோட் செல் இருந்தால், அதன் வயரும் சேர்ந்தே திரும்பும். ஆனால் அதில் ஓடுவது மிகச் சிறிய மின்சாரம். அறுந்தால் எடை தப்பாகக் காட்டும், அதற்கு மேல் ஆபத்தில்லை. தலையின் கதை வேறு. ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் அந்தத் தூணின் துளை வழியாகத்தான் ஏறிப் போகின்றன. அசைவு, சூடு, 230 வோல்ட் மூன்றும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் அந்தக் கருவியில் அது ஒன்றுதான்.

குழந்தையை வேறு வார்மருக்கு மாற்றி, இதைப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். வார்டில் வைத்துத் திறப்பது கூடாது. அங்கே ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தலை நேராக இருக்கும்போது ஹீட்டருக்கு ஏறும் ஃபேஸ், நியூட்ரல் வயர்களின் அடி முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரில் அளந்தால் ஹீட்டர் 88 ஓம் காட்டியது. 600 வாட் ஹீட்டருக்கு அது சரியான கணக்கு. முதலில் வந்தவரும் இதைத்தான் அளந்திருப்பார், சரி என்றிருப்பார். மீட்டரை வைத்தபடியே தலையை மெதுவாகத் திருப்பியபோது எண் துள்ளியது: 89, 94, திரும்ப 88, பிறகு ஒரு கணம் அறுந்துபோய் மறுபடி வந்தது. அசைக்காமல் அளந்தால் ஒருநாளும் அகப்படாது.

தூணின் மூடியைக் கழற்றினோம். ஸ்டாப் பின் அறுந்து, அதன் மிச்சம் மட்டும் துளையில் இருந்தது. வயர் வெளியே வரும் துளையின் விளிம்பில் இருக்க வேண்டிய ரப்பர் குரோமெட்டைக் காணோம். தகட்டின் வெட்டு விளிம்பு நேராக வயர் மேல் உரசியிருந்தது. நியூட்ரல் வயரின் மேலுறை பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் விரலில் பிடித்து வளைத்தால் ஓர் இடம் மட்டும் தொளதொளவென்று மடிந்தது. அந்த இடத்தில் மேலுறையைச் சீவிப் பார்த்தபோது, உள்ளே இருந்த செம்பு இழைகளில் பெரும்பாலானவை ஒடிந்திருந்தன. மிச்சமிருந்த சில இழைகளில்தான் முழு மின்சாரமும் ஓடியிருக்கிறது. அவையும் நிறம் மாறிக் கறுத்திருந்தன.

தலைக்குள் இருந்த நிலைமை இதைவிட மோசம். எப்போதோ யாரோ பார்த்த பழைய ரிப்பேர் ஒன்றின் தடம் அங்கே இருந்தது. ஹீட்டர் வயர் சேரும் இடத்தில் செராமிக் கனெக்டருக்குப் பதிலாக, கடையில் கிடைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் ஸ்ட்ரிப் கனெக்டர். அதில் ஒரு பக்கம் பழுப்பேறி உருகத் தொடங்கியிருந்தது. வயர் சாதாரண பி.வி.சி. வயர். அதன் நுனிகளில் சாலிடர் ஈயம் பிடித்து, ஸ்க்ரூவுக்கு அடியில் செருகி இறுக்கியிருந்தார்கள்.

ஈயம் பிடித்த நுனியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல வேலைக்காரர்கள்கூட இதை நல்ல வேலை என்று நம்பிச் செய்கிறார்கள். இழைகள் பிரியாமல் இருக்கும், பார்வைக்கும் நேர்த்தியாக இருக்கும். ஆனால் ஈயக் கலவை மென்மையான உலோகம். தொடர்ந்து அழுத்தம் இருந்தால் அது மெல்ல மெல்ல விலகிக் கொடுக்கும். சூடானால் இன்னும் வேகமாக விலகும். இன்று இறுக்கிய ஸ்க்ரூ சில மாதங்களில் தானாகவே லூஸ் ஆகிவிடும். வார்மரிலோ கன்ட்ரோலர் ஹீட்டரைக் கூட்டுவதும் குறைப்பதுமாகவே நாளெல்லாம் இருக்கும். கனெக்டரும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். ஸ்க்ரூவுக்கு அடியில் ஈயம் இருக்கவே கூடாது. வயர் நுனியில் லக் என்னும் உலோக முனையை வைத்து நசுக்கிப் பிடித்து (கிரிம்ப் செய்து), ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்க வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். 600 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 2.6 ஆம்பியர் இழுக்கும். வழியில் ஒரு லூஸ் கான்டாக்டில் 1 ஓம் தடை கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புள்ளியில் ஏறத்தாழ 6.6 வாட் வெப்பம் உண்டாகும். 6.6 வாட் என்பது கேட்கச் சின்ன எண். ஆனால் பட்டறையில் இருக்கும் 25 வாட் சாலிடரிங் அயர்னில் கால்வாசிச் சூட்டை ஒரு பித்தளை ஸ்க்ரூ தலையில் கொண்டுபோய் வைத்தது போலத்தான் அது, அதுவும் இரவும் பகலும். அதே நேரம் ஹீட்டருக்குப் போகும் வாட் சுமார் 2 சதவீதம்தான் குறையும். குழந்தைக்குச் சூடு போதுமான அளவு கிடைக்கும். திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது.

பாதுகாப்புக்கு என்று வைத்திருக்கும் எதுவுமே இதைக் கண்டுகொள்ளாது. ஃபியூஸும் எம்.சி.பி.யும் மின்சாரம் அதிகமானால்தான் அறுக்கும்; இங்கே அது கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. மின் கசிவைப் பார்த்து அறுக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச், ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று பார்க்கும், இங்கே சமம்தான். கன்ட்ரோலர் ஹீட்டரில் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்கும், ஓடுகிறது. முற்றாக அறுந்தால்தான் அலாரம். இந்த வார்மரில் இழைகள் ஒடிந்து, தலை திரும்பும்போது மட்டும் அறுந்ததால் அலாரம் அடித்தது. அதனால்தான் திறந்து பார்த்தோம். அந்த பிளாஸ்டிக் கனெக்டரில் மட்டும் கோளாறு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

2021 ஜனவரி 9 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் பிரிவு தீப்பிடித்தது. உள்ளே இருந்த 17 குழந்தைகளில் 10 பேர் இறந்தார்கள். 7 பேரைக் காப்பாற்ற முடிந்தது. ஒரு ரேடியன்ட் வார்மரின் கன்ட்ரோல் பேனலில் ஏற்பட்ட மின் கோளாறில் தீ தொடங்கியது என்பது விசாரணையில் வந்த முடிவு. தீக்காயத்தைவிடப் புகையால்தான் அதிகக் குழந்தைகள் இறந்தார்கள். மூடிய அறை, மெத்தை, பிளாஸ்டிக், ஆக்சிஜன் எல்லாம் இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். குழந்தையின் தலையை மூடி வைக்கும் ஆக்சிஜன் ஹூடிலிருந்து கசியும் வாயு துணியிலும் மெத்தையிலும் தேங்கினால், சாதாரணமாகக் கருகி அணைந்துபோகும் துணிகூடக் குப்பென்று பற்றிக்கொள்ளும். பண்டாராவுக்குப் பிறகு தீயணைப்பான், புகை உணரும் கருவி, அவசர வழி பற்றி நிறையப் பேசினோம். பேச வேண்டியதுதான். ஆனால் தீ தொடங்கிய இடம் ஒரு கருவியின் உள்ளே. கருவியின் உள்ளே இருக்கும் இணைப்புகளைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

பி.வி.சி. வயர் ஏன் கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரிக்கானது. ஹீட்டர் தலைக்குள் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டிவிடும். அளவுக்கு மீறிச் சூடான பி.வி.சி. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். அது செம்பையும் பித்தளையையும் அரிக்கும், அரித்த இடத்தில் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் கூடும். எரிந்தாலும் அதே வாயுதான், குழந்தைகள் மூச்சு விடும் அறையில். சிலிக்கான் ரப்பர் உறை 180 டிகிரி வரை தாங்கும்; வளைத்தாலும் மெத்தென்று கொடுக்கும். சுழலும் இடத்துக்கும் சூடான இடத்துக்கும் அதுதான் பொருத்தம். விலை வித்தியாசம் பேசுகிற அளவுக்கு இல்லை.

எர்த்துக்கு வருகிறேன். தலையின் உலோகக் கூட்டுக்கான பச்சை வயர் பெயின்ட் அடித்த தகட்டின் மேல் ஒரு ஸ்க்ரூவில் மாட்டியிருந்தது, அடியில் ஸ்டார் வாஷர் இல்லை. அதனால் எர்த் அந்த வயர் வழியாகப் போகவில்லை. தூணின் பேரிங் வழியாக, கிரீஸுக்கு நடுவே, உலோகம் உலோகத்தைத் தொட்ட இடத்தில் போயிருக்கிறது. மல்டிமீட்டர் வைத்தால் 'பீப்' என்று கத்தும். அது அனுப்பும் மின்சாரம் மிகக் குறைவு. ஒற்றை இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் சரி என்று சொல்லிவிடும். மருத்துவ மின் கருவிகளுக்கான சர்வதேசத் தர விதியான ஐ.இ.சி. 60601-1, எர்த் பாதையைக் குறைந்தது 25 ஆம்பியர் செலுத்திச் சோதிக்கச் சொல்கிறது. கழற்ற முடியாத மின்கம்பி கொண்ட கருவியில் பிளக்கின் எர்த் பின்னிலிருந்து உலோகக் கூடு வரை 0.2 ஓமுக்கு மேல் இருக்கக் கூடாது. நாங்கள் சோதித்தபோது தலை நேராக இருந்தால் அந்த அளவுக்குள் வந்தது. பக்கவாட்டில் திருப்பினால் தாண்டியது. ஹீட்டரில் கசிவு ஏற்பட்டு, அந்த நேரம் எக்ஸ்ரேக்காகத் தலை திரும்பியிருந்து, செவிலியரின் ஒரு கை கூட்டின் மேலும் இன்னொரு கை குழந்தையின் மேலும் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பவர் பக்கத்தை முடித்துவிட்டு, தற்செயலாகத்தான் சென்சார் ஜாக்கைப் பார்த்தோம். வார்மரில் இன்னொரு இணைப்பு இருக்கிறது. அதில் பெரிய வோல்ட்டேஜ் ஒன்றும் கிடையாது, ஆனால் குழந்தைக்கு நேராக அதுதான் ஆபத்து. தோல் சென்சார் ஒரு தெர்மிஸ்டர். பரவலாகப் பயன்படும் 400 வரிசை சென்சார், 25 டிகிரியில் 2252 ஓம், 37 டிகிரியில் 1355 ஓம். வெப்பம் கூடினால் தடை குறையும் வகை. 37-ஐ ஒட்டிய இடத்தில் ஒரு டிகிரிக்கு 57 ஓம் அளவு மாறும். இப்போது சென்சார் பின் நுழையும் ஜாக்கில் அழுக்கோ களிம்போ சேர்ந்து 57 ஓம் கூடுதல் தடை வந்துவிட்டது என்றால், 37 டிகிரியில் இருக்கும் குழந்தையைக் கருவி 36 என்று படிக்கும். குளிர்கிறது என்று நினைத்து ஹீட்டரைக் கூட்டும். குழந்தை 37.5 தாண்டி 38-ஐத் தொடும். திரை மட்டும் 37 என்று பச்சையாகக் காட்டிக்கொண்டிருக்கும். அதிக வெப்ப அலாரமும் அடிக்காது, ஏனென்றால் அதுவும் இதே எண்ணைத்தான் நம்புகிறது.

இந்த வார்மரின் ஜாக்கில் பின்னை விரலால் உருட்டினால் எண் அரை டிகிரி ஆடியது. ஜாக்கை மாற்றினோம். திரையில் எண் சரியாகவே இருந்தாலும் அக்குளில் வெப்பமானி வைத்துப் பார்க்கும் பழக்கத்தைச் செவிலியர்கள் விடாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது அப்போது எனக்கு உறைத்தது. கருவி சொல்வதைக் கருவிக்கு வெளியே இருந்து சரிபார்க்கும் ஒரே வழி அது.

பழுது நீக்கியது நேரான வேலைதான். தூணிலிருந்து ஹீட்டர் வரை மூன்று வயர்களையும் மெல்லிய இழைகள் நிறைந்த சிலிக்கான் ரப்பர் வயராக மாற்றினோம். கனெக்டர் செராமிக். நுனிகளில் நிக்கல் பூச்சு லக். சூடான இடத்தில் ஈயப் பூச்சு லக் நிற்காது. துளையில் புது குரோமெட், புது ஸ்டாப் பின். சுழலும் இடத்துக்கு மேலும் கீழும் வயரைக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, நடுவில் தாராளமாக ஒரு வளையம் விட்டோம். இதில் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். 90 டிகிரி முறுக்கை ஒரு விரற்கடை நீளத்தில் வாங்கினால் இழை ஒடியும். ஒரு முழ நீளத்தில் வாங்கினால் வயருக்கு வலியே தெரியாது. எர்த் வயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விட்டோம். எப்போதாவது இழுபட்டு அறுந்தால் முதலில் ஃபேஸும் நியூட்ரலும் போக வேண்டும், எர்த் கடைசியாகப் போக வேண்டும். எர்த் மாட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி எடுத்து, ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கினோம்.

பிறகு ஹீட்டரை முழு வாட்டில் ஓடவிட்டு, தலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகத் திரும்பத் திரும்பச் சுழற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் எவ்வளவு வோல்ட் இறங்குகிறது என்று பார்த்தோம். நல்ல இணைப்பில் அது சில மில்லிவோல்ட்தான் இருக்கும். லூஸ் இணைப்பில் வோல்ட் கணக்கில் வரும். பட்டறையில் தெர்மல் கேமரா இருந்தால் இன்னும் எளிது: ஒரே வயரில் ஓர் இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான் நோயாளி. இந்தச் சோதனை மூடி திறந்திருக்கும்போது, 230 வோல்ட் ஓடும்போது செய்வது. பழகியவர் மட்டும், பக்கத்தில் இன்னொருவரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

அதே மாடலில் இருந்த மற்ற வார்மர்களையும் திறந்தோம். இன்னொன்றிலும் குரோமெட் இல்லை. இழைகள் ஒடியத் தொடங்கியிருந்தன. அலாரம் இன்னும் அடித்திருக்கவில்லை. மற்றவை நன்றாக இருந்தன.

வார்டில் செய்ய வேண்டியிருந்தது வேறு. சுவரோரம் நின்ற வென்டிலேட்டரை இடம் மாற்றினோம்; தலையைச் சரியான பக்கம் திருப்ப இடமில்லாததுதான் ஸ்டாப் பின் அறுந்ததற்கு மூல காரணம். படுக்கைகளுக்குக் கீழே கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களை எடுக்கச் சொன்னோம். எஸ்.என்.சி.யூ. எனப்படும் பச்சிளங்குழந்தைகள் சிறப்புச் சிகிச்சைப் பிரிவுக்கான வழிகாட்டுதலில் ஒவ்வொரு படுக்கைக்கும் 5 ஆம்பியரும் 15 ஆம்பியருமாகத் தனித்தனிப் பாயின்ட் கேட்டிருப்பது இதற்காகத்தான். வார்மரும் இன்ஃப்யூஷன் பம்பும் ஃபோட்டோதெரபி விளக்கும் ஒரே பாக்ஸில் தொங்கினால், தூணுக்குள் நாங்கள் கண்டுபிடித்த அதே லூஸ் கான்டாக்ட் தரையில், படுக்கைக்கு அடியில் உண்டாகும். பிளக் டாப்பைப் பிடுங்கியதும் பின்னைத் தொட்டுப் பார்க்கச் செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். கை பொறுக்காத சூடு இருந்தால் அந்த சாக்கெட்டை மாற்றும் வரை அதில் எதையும் செருக வேண்டாம்.

கடைசியாக, பராமரிப்புப் படிவம். ஒப்பந்த நிறுவனம் கொடுத்துவிட்டுப் போன தாள்களில் 'மின் பாதுகாப்புச் சோதனை: சரி' என்று ஒவ்வொரு முறையும் டிக் இருந்தது. பொய் எழுதவில்லை, தலை நேராக இருக்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இப்போது எங்கள் படிவத்தில் எர்த் தடைக்கும் ஹீட்டர் தடைக்கும் எதிரே மூன்று கட்டங்கள் இருக்கின்றன: நேர், இடம், வலம். மூன்றிலும் எண் எழுத வேண்டும். டிக் போட இடமில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி, 'தூண் மூடி திறந்து பார்த்த தேதி'. புதிய வார்மர் வாங்குவதற்கான தொழில்நுட்பக் குறிப்பிலும், சுழலும் இடத்தில் சிலிக்கான் ரப்பர் வயர், உலோகத்தாலான ஸ்டாப் பின், தலையைத் திருப்பியபடி எர்த் சோதனை ஆகிய மூன்றையும் சேர்க்கக் கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை, மறுபடியும் எழுதுவோம்.